பதினோரு நாள்

ஆல்டூனாவில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டுமென்றால்
கார் நம்பர் பிளேட் விற்கிற கடைக்குப் போக வேண்டும்.
நோட்டரி முத்திரை அங்கேதான் இருக்கிறது,
தகடுகளுக்கும் வைப்பர் பிளேடுகளுக்கும் நடுவே,
திருமதி கோவால்சிக்கின் மேசையில்,
பாதி தின்று வைத்த பிரெட்ஸலுக்குப் பக்கத்தில்.

எல்லாம் எடுத்துப் போயிருந்தேன்.
தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் தேதி அழிந்திருந்தது,
கிளினிக்கில் நின்று மறுபடி எழுதி வாங்கினேன்.
பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ், என்னுடையது,
இருபத்தாறு வயதில் டோபின் வயிற்றில் இருக்கையில்
தேர்வெழுதி வாங்கியது.
நூற்றெண்பது நாள் கற்பிப்பேன்.
எழுத்துக்கூட்டல், கணக்கு, பென்சில்வேனியாவின் வரலாறு,
தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதும்.
சட்டத்தில் அது தனியாகவே இருக்கிறது.
அடுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன்.

எதற்காக என்று மட்டும்
யாரும் கேட்கவில்லை.
மதிய மணி அடித்ததும் மேசைக்கடியில் புகுந்து
காதைப் பொத்திக்கொள்ளும் எட்டு வயதுக்காரனுக்கு
படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.
சொல்வதற்கு எவ்வளவோ தயாரித்து வைத்திருந்தேன்.

ஆறாவது வரியில் பேனா நின்றது.
இந்த வீட்டில் வசிக்கும் வயதுவந்தோர் எவரும்
கடந்த ஐந்து ஆண்டுகளில்

டேரல் என் தம்பி.
பிப்ரவரியிலிருந்து எங்கள் சோபாவில் தூங்குகிறான்.
சரக்கு ரயில்களை வைத்து டோபினுக்கு
மணி பார்க்கச் சொல்லித்தந்தவன்.
தீர்ப்பு வந்த தேதியை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை,
அன்றைக்குக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன்,
இரவல் வாங்கிய பச்சைக் கோட்டில்.
கடைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.
ஐந்து ஆண்டுக்குப்
பதினோரு நாள் குறைகிறது.

திருமதி கோவால்சிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"நான் கையெழுத்தைத்தாம்மா பார்ப்பேன்.
எழுத்தைப் படிக்கிறதில்ல."
நல்ல மனசு.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.
பேனாவை மூடினேன்.

வெளியே பிக்கப்பில் டேரல்
என் முகத்தைப் பார்த்ததுமே சாவியைத் திருப்பாமல் இருந்தான்.
"நான் வேணும்னா வண்டியிலயே படுத்துக்கறேன்,
வசிக்கிற கணக்குல வராது."
"வாயை மூடு" என்றேன்.
வேறு பதில் வரவில்லை.

பதினோரு நாளில் பள்ளி நாள் ஏழு.
ஏழு மதிய மணி.
டோபின் விரல் மடக்கி எண்ணினான்,
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினான்.
"மணி அடிக்க ரெண்டு நிமிஷம் முன்னாடி
தண்ணி குடிக்கணும்னு கேக்கலாமா?"

அன்றிரவே ஆசிரியைக்கு ஒரு சீட்டு எழுதினேன்.
அதற்கு முத்திரை தேவைப்படவில்லை.

எழுதிக்கொண்டிருக்கையில் சமையலறையில்
நாற்காலி மேல் ஏறி நின்று
புகை அலாரத்துக்கு பேட்டரி மாற்றினான் டேரல்.
பொத்தானை அமுக்கிப் பார்த்தான். வீடே அலறியது.
டோபின் குனிந்து காதைப் பொத்திக்கொண்டான்.
நாங்கள் மூவரும் அசையவில்லை.

பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துவிட்டுச் சொன்னான்:
"அடுத்த தடவை
சொல்லிட்டு அமுக்கு."