கடல் ஏழு டிகிரி

தலை நிறைய ஷாம்பு நுரை.
வேனின் பின்கதவில் தொங்கும் கேஸ் கீசர்
டிக் டிக் டிக் என்கிறது,
பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

வரங்கர் விரிகுடா. அக்டோபர். காலை ஒன்பது.
வெளியே மைனஸ் ஐந்து.
முதல் குவளை சூடாகத்தான் வந்தது.
அதை நம்பித்தான் ஷாம்புவைக் கவிழ்த்தேன்.

ஹால்வர்ட் முதலில் பேட்டரியைக் குற்றம் சொன்னான்.
ரேடியோவிலிருந்து இரண்டைப் பிடுங்கிப் போட்டான்.
பொறி கொழுத்தது.
சுடர் இல்லை.

பிறகு தண்ணீரைச் சந்தேகித்தான்.
"ஓட்டம் குறைஞ்சா உள்ளே ரப்பர்த் தகடு எழும்பாது."
எழும்பாவிட்டால் பொறியே வராதே என்றேன்.
அவன் காதில் விழவில்லை.
வாளியை வைத்தான், கைக்கடிகாரம் பார்த்தான்:
நிமிடத்துக்கு மூன்று லிட்டர். போதும்.
அந்த மூன்று லிட்டரும்
என் செருப்பைச் சுற்றி உறையத் தொடங்கியது.

அடுத்து பர்னரின் வாய்.
பைப் துடைக்கும் கம்பியை விட்டு இழுத்தான்.
ஒரு துண்டு வலை வந்தது,
அல்மேரியா கடற்கரையின் மணல் கொஞ்சம் வந்தது.
சிலந்தி எப்போதோ வீட்டைக் காலி செய்திருந்தது.
மணலை அவன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்,
நான் பார்க்காத மாதிரி.

அந்தச் சிலிண்டரும் அங்கே வாங்கியதுதான்.
ஆரஞ்சு நிறம், குட்டைக் கழுத்து,
ஏப்ரலில் லாரிக்காரன் தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தது.
இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருப்போம் என்றேன் நான்.
படகைக் கரையேற்ற வேண்டும் என்றான் இவன்.
அதைப் பற்றி ஸ்வீடன் முழுக்க
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ஸ்வீடன் நீளமான நாடு.

இப்போது அதைத் தூக்கிக் குலுக்குகிறான்.
சலக்.
"முக்காவாசி இருக்கு."
திருகைத் திறந்து காதை வைக்கிறான்.
சீறல் இல்லை.
"இருக்கு. ஆனா வரமாட்டேங்குது."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.
பிறகு சிலிண்டரைப் பார்த்தான்.

காதோரம் நுரை மொறுமொறுக்கத் தொடங்கியிருந்தது.
மின்முனையை நகத்தால் நெருக்கி வளைத்துக்கொண்டிருந்தவனை விட்டு
வாளியோடு கடலுக்கு நடந்தேன்.
கோபத்தில் நடந்தால் பாசி வழுக்குவதில்லை.

குனிந்து கையை விட்டேன்.
விட்ட கையை எடுக்கவில்லை.

வெதுவெதுப்பு என்று சொன்னால்
இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.
ஏழு டிகிரி இருக்கும், அவ்வளவுதான்.
ஆனால் காற்றில் விறைத்த விரல்கள்
அதை அடுப்பங்கரை என்றன.
இந்தக் கடல் மட்டும் உறைவதே இல்லை,
எங்கிருந்தோ தெற்கிலிருந்து ஒரு நீரோட்டம்
யாரும் கேட்காமலேயே வந்துகொண்டிருக்கிறது.

தலையில் ஒரு வாளி ஊற்றினேன். கத்தினேன்.
கடற்காகங்கள் எழுந்து பறந்தன.
இன்னொரு வாளி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"பாத்திரம் கழுவுற தொட்டியை எடு.
சிலிண்டரை அதுக்குள்ள வை."
"எதுக்கு?"
"வை."

கடலை ஊற்றினேன், ஆரஞ்சு இடுப்பு வரைக்கும்.
நின்றோம்.
ஒரு நிமிடம் அவன் கைக்கடிகாரம் பார்க்கவில்லை.
பிறகு ரெகுலேட்டருக்குள் மெல்ல ஒரு மூச்சு.
குழாயைத் திறந்தேன்.
டிக் டிக்
டுப்.

நீலம்.

அப்போதுதான் அவன் குனிந்து
சிலிண்டரின் சீட்டைப் படித்தான்:
பியூட்டேன்.
பூஜ்ஜியத்துக்குக் கீழே எழுந்திருக்க மனமில்லாத
தெற்கத்தி வாயு.
ஆறு மாதமாக அதைச் சுமந்து வந்திருக்கிறோம்,
ஒருவரும் படிக்கவில்லை.
"நான்தான் முதல்ல இதைப் பார்த்திருக்கணும்" என்றான்.
எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வெந்நீர் உப்பைக் கழுவிக்கொண்டு இறங்கியது.
எரிய எரியச் சிலிண்டர் குளிர்ந்தது,
தொட்டியும் குளிர்ந்தது, சுடர் குள்ளமானது.
ஹால்வர்ட் வாளியோடு ஓடினான்,
ரப்பர் பூட்ஸ் போடக்கூட நிற்காமல்.
ஓடினான், ஊற்றினான், மறுபடி ஓடினான்.

நாலாவது நடையில்
என் தலைமுடி சுத்தமாகிவிட்டது.

இன்னும் ஒரு வாளி, என்றேன்.