கடைசித் தெரு

குடியாத்தம் நகராட்சியில் வால்வு திறப்பவர் சம்பங்கி.
இருபத்தாறு வருடம்.
நீள இரும்புச் சாவியைத் தெருக்குழிக்குள் இறக்கி
எத்தனை சுற்று சுற்றினால்
மேட்டுத்தெருவின் கடைசிக் குழாய் இருமும் என்று
அவர் கைக்குத் தெரியும்.

எனக்கு அவர் ஐந்தாம் நம்பர் கட்டில்.
நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெருங்குழாய்
சுரைக்காயாய் வீங்கி,
காலை எட்டுக்கு வெட்டி, துணிக்குழாய் வைத்துத் தைத்து
இரவு வேலூர் வெக்கை அடங்கும்போது என்னிடம் வந்தார்.
பன்னிரண்டு மணிக்கு இரண்டு காலையும் மடக்கிக் காட்டினார்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுக்குப்
பெரிய வாய்க்கால் என்று ஒன்றில்லை.
நூல் நூலாய்ப் பிரியும் கிளைகள்தான்.
பாதியை அடைத்தாயிற்று, இரண்டை மட்டும் திருப்பி ஒட்டினோம்.
மீதி ரத்தம் சந்துபொந்து வழியே சுற்றி வரவேண்டும்.
சுற்றி வர, மெயினில் அழுத்தம் வேண்டும்.

நேற்றுவரை பிரஷரை இறக்கத்தான் மாத்திரை.
உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே என்ற
அதே வாயால்
ஏறு, ஏறு என்று திரையிடம் கெஞ்சுகிறேன்.
தொண்ணூறுக்குக் கீழே போகாதே.
ரொம்பவும் ஏறாதே, தையல் தாங்காது.

மூன்று பத்து.
அறுபத்தெட்டு.
சிஸ்டர் கிரேனாப் பாதத்தைத் தொட்டு
விரலை ஆட்டுங்க என்றாள்.
ஆட்டிட்டனே, என்றார்.
விரல் அப்படியே இருந்தது.

மருந்தைக் கூட்டினேன். ஒரு பை ரத்தம்.
முதுகில் செருகிய மெல்லிய குழாயைத் திறந்தேன்.
பாலாற்று மணலைத் தோண்டினால் ஊறுமே, அந்தத் தெளிவு,
சொட்டுச் சொட்டாய்.
பத்து மில்லி. மூடு.
தண்டைச் சுற்றிய நீர் வடிந்தால் ரத்தம் நுழைய இடமிருக்கும்.
அவசரப்பட்டு வடித்தால் தலைக்குள் கசியும்.

எழுபத்தைந்து. எண்பத்திரண்டு.
"இன்னாம்மா, கம்முனு கீற?"
பிரஷர் பத்தவில்லை, ஏற்றுகிறேன் என்றேன்.
அவர் சிரித்த மாதிரி இருந்தது.
"மெயின்ல வந்தாலும் கடைசித் தெருவுக்கு ஒடனே வராதும்மா.
மொதல்ல காத்துதான் வரும்.
நடுவுல எவனாச்சும் மோட்டார் போட்டு உறிஞ்சினு இருப்பான்.
கெட்ட வார்த்தைல நாலு திட்டு."

திட்டினேன். மனசுக்குள்.
தொண்ணூற்றாறு.

நான்கு மணிக்கு இடது பெருவிரல்
குழாய் இருமுகிற மாதிரி ஒரு துடிப்பு.
இடது, லேசாக என்று எழுதிய கிரேனாப்
வலது என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி
என்னைப் பார்த்தாள்.

ஏழு மணிக்குத் தெய்வானை வருவாள்,
வங்காளத்தில் போர்டு போட்ட லாட்ஜிலிருந்து, பிளாஸ்கோடு.
நடப்பாரா என்பாள்.

இப்போது நாலரை.
தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து.
வலது பாதத்தை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
சூடாகத்தான் இருக்கிறது.
இங்கே ரத்தம் வந்துவிட்டது.
வரவேண்டிய தெரு இது இல்லை.