காலாவதி

பாம்பன் பஸ் நிறுத்தத்தில் என் ஜெராக்ஸ் கடை.
பாசி எடுக்கும் பெண்கள் நாற்பத்தியொரு பேர்
கைநாட்டும் கையெழுத்துமாய் வைத்த மனுவை
நான்தான் டைப் அடித்தேன்.
அது எம்.பி. கைக்குப் போய்
ஒரு மசோதாவின் உட்பிரிவாய்க் கரையேறிய செய்தியை
வெட்டி ஒட்டியிருக்கிறேன், கண்ணாடிக்கு உள்பக்கம்.

வாரம் ஒருமுறை பஞ்சவர்ணம் வருவாள்,
விரலில் சுற்றிய துணி ஈரம் சொட்ட.
"பாஸாயிருச்சா?"

மக்களவையில் ஆயிற்று என்றேன்.
குரல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்றவர் சத்தம் கூட.
"சத்தத்த வச்சா?"
சத்தத்தை வைத்துத்தான்.
மீன் ஏலக்கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

இனி மாநிலங்களவை.
அதற்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை,
நாம் போட்டு ஜெயித்தவர்கள் போடுவார்கள்.
ரெண்டு வருசத்துக்கு ஒருக்க
மூணில் ஒரு பங்கு ஆள் இறங்கும், புது ஆள் ஏறும்,
சபை மட்டும் கலைவதே இல்லை.

"ஒரு கஞ்சிக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு?"

பதில் தேடி வெளியே பார்த்தேன்.
பாலத்துக்கு வடக்கே பெண்கடல், குளம் மாதிரி.
தெற்கே ஆண்கடல், கச்சானில் நுரை தள்ளிக்கொண்டு.
"ம்" என்றாள், என் கண் போன பக்கம் பார்த்து.
"ஒண்ணு பொங்குனா ஒண்ணு பொறுக்கும்."

பண மசோதா என்றால்
பதினாலு நாளுக்கு மேல் அங்கே நிறுத்த முடியாது.
இது பணமில்லை, பாசி.
கிடந்தது.
மழைக்காலக் கூட்டத்தொடர், அமளி, ஒத்திவைப்பு,
குளிர்காலக் கூட்டத்தொடர், அமளி.
பிறகு தேர்தல். மக்களவை கலைந்தது.
மசோதாவும் காலாவதி.

இதை அவளிடம் சொல்ல
நாலு நாள் எடுத்துக்கொண்டேன்.

"கலைஞ்சது கீழ்ச்சபை."
ஆமாம்.
"தாள் கெடந்தது மேல்சபையில. அது கலையாதுன்னீக."
ஆமாம்.
"பெறகு எப்படிச் செத்துச்சு?"

பெற்ற சபை போனால் பிள்ளையும் போகும் என்று விதி.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
முங்கினவள் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"மேல்சபையிலயே தொடங்குனதுக?"
கீழே வராதவரை சாகாது. அங்கேயே கிடக்கும்.

"தென்கடல் கெட்டா வடகடல்ல எறக்குறோம்ல?
இந்த வாட்டி அங்கிட்டிருந்து எறக்கச் சொல்லுங்க."

பழைய மனுவை எடுத்தேன்.
ராக்கு செத்துப்போனாள். ரெண்டு பேர் திருப்பூரில்.
தேதியை மாற்ற வேண்டும்,
பெறுநரையும். யாரென்று எனக்கே தெரியாது.

"மூணு காப்பி" என்றாள், முந்தி முடிச்சை அவிழ்த்து.
காசோடு மணலும் விழுந்தது.
இயந்திரத்தில் மை தீர்ந்துகொண்டிருந்தது;
'மாண்புமிகு' மட்டும் கறுப்பாய் விழுந்தது.
பெயர்களுக்காக இன்னொரு தரம் ஓட்டினேன்.