புள்ளிக்குப் பின்னால்

ஹாம்பர்க்கிலிருந்து யோர்ன் கேட்டிருந்தார்:
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ வெள்ளிமொட்டா?
கப்பலிலா வருகிறது?
கோத்தகிரியைக் குப்புறக் கவிழ்த்து உதறினாலும்
அவ்வளவு மொட்டு விழாது.
நாங்கள் அனுப்பியது பன்னிரண்டரை கிலோ,
மாதிரிக்கு, இரண்டு அட்டைப்பெட்டியில்.
எங்கள் தராசு 12.500 என்று காட்டும்.
அந்தப் புள்ளி
கடல் தாண்டியதும் காற்புள்ளி வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

அதனால்தான் இந்த நிரல்.
டானிங்டனில் பேக்கரிக்கு மேல்மாடி,
வர்க்கி வேகும் வாசனை படியேறி வரும்.
ஓர் எண்ணை உள்ளே வாங்கி
ஊருக்கேற்ற உடுப்புப் போட்டு வெளியே அனுப்ப வேண்டும்.
பணத்தை மாற்றாது. உடுப்பை மட்டும்.

ஜெர்மனிக்குப் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும்.
சுவிஸ்காரர்கள் ஆயிரத்தின் தோளில் ஒரு கொக்கி மாட்டுவார்கள்.
ஜப்பானுக்குச் சில்லறையே கிடையாது,
குவைத்துக்குச் சில்லறையில் மூன்று இலக்கம்.
பிரெஞ்சுக்காரர்கள் வெறும் இடம் விடுவார்கள்.
சாதாரண இடைவெளியைப் போட்டுவிட்டால்
வரி தீர்கிற ஓரத்தில் எண் 12
500 என்று முறிந்து கீழே விழும்.
முறியாத இடைவெளி என்று தனியாக ஒன்று இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாது, கைவிடாது.
அதைத் தேடியே ஒரு மத்தியானம் போயிற்று.
மூடுபனி எதிர்க்கடைப் பலகையை இரண்டு தடவை அழித்து எழுதியது.

தமிழையும் சேர்த்தேன், யாரும் கேட்கவில்லை.
நமக்கு லட்சம்: 1,00,000.
சிங்கப்பூர்த் தமிழுக்கு நூறாயிரம்: 100,000.
போகிற வழியில் ஒரு காற்புள்ளி கடலில் விழுந்திருக்கிறது.
தசமப்புள்ளி வருமுன்பே
அரைக்கால், மாகாணி, முந்திரி, இம்மி என்று
உடைந்த துண்டுக்கெல்லாம் பெயர் வைத்த மொழி இது.
ஒன்றை முந்நூற்றிருபதாய் நறுக்கினாலும்
ஒரு துண்டைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

சோதித்துப் பார்க்க நிஜ எண்கள் வேண்டுமே.
ஜோகி சார் இலைக்கணக்கைக் கொடுத்தார்:
ஜூன் மாதம், இருபத்தாறு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
தராசு சொன்னது ஒரு பத்தி, பட்டுவாடா ஒரு பத்தி.
பெள்ளியம்மாள், 18.7. பக்கத்தில் 18.
22.4. பக்கத்தில் 22.
9.9.
பக்கத்தில் ஒன்பது.

என் நிரலில் பாதிக்கு மேல் போனால் மேலே, குறைந்தால் கீழே.
சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் சாயும்,
ஒரு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் நமக்கு.
இங்கே எல்லா நாளும் கீழே.
ஈர இலைக் கழிவு ஏற்கெனவே பிடித்தாயிற்று,
சாக்குக் கழிவும்.
இது வேறு. இதற்குத் தலைப்பே இல்லை.
பெள்ளியம்மாளுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ.
எல்லாரையும், எல்லா நாளையும் கூட்டினேன்: 2,641 கிலோ.
கிலோ பதினேழரை ரூபாய்.

நிரலை ஓட்டினேன்.
46,217.50
46.217,50
46'217.50
46 217,50
உடுப்புத்தான் வேறு வேறு. ஆள் ஒரே ஆள்.

சாயங்காலம் ஜோகி சார் வந்து திரையைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“தசமம் போட்டா பத்தி பத்தாதும்மா,
பிரிண்ட்டுல ஓரம் வெட்டிரும்.
அதான் அப்பவே எடுத்துட்டாங்க.”
யார் எடுத்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பக்க அமைப்புக்குப் போய்
தாளை அகலவாட்டில் திருப்பினேன்.
இரண்டு இலக்கத்துக்கு இடம் தாராளமாகவே இருந்தது.

இந்தக் குளிரில் பிரிண்டர் சூடேற நேரம் பிடிக்கும்.
அதன் பச்சை விளக்கைப் பார்த்தபடி
இருவரும் நின்றோம்.