ஆறாம் நாள் கோப்பை

ஏழு நாள் தொடாமல் இருந்து
ஓட்டத்தன்று தொட்டால்
காப்பி புதுப் பல்லால் கடிக்கும் என்றார்கள்.

எடை ஐம்பத்தாறு. கிலோவுக்கு மூன்று மில்லிகிராம்.
சிவப்பு விளக்கில் பேருந்து நின்றபோது
பழைய சீட்டின் முதுகில் பெருக்கினேன்:
நூற்று அறுபத்தெட்டு.
மாத்திரை நூறு நூறாகத்தான் வருகிறது.
புறப்படும் முன் ஒன்று முழுசாக,
மூன்றாம் சுற்றுக்கு இன்னொன்றை
நகத்தால் உடைத்து, குத்துமதிப்பாக.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் யுவாஸ்குலாவில் மழை.
கண்ணாடி துடைப்பான்
கண்ணாடிக்கு உள்ளே, நெற்றிக்கும் உள்ளே
போய்ப் போய் வந்தது.
மூன்றாம் நாள் பணிமனையில்
என் கோப்பையில் வெறும் வெந்நீரைப் பார்த்து
"மாசமா?" என்றான் யர்க்கோ.
எனக்கு ஐம்பத்தொன்று.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை
தாவேட்டியைப் புதைத்தோம்.

எங்கள் பணிமனையில் டயர் மாற்றியவர்.
ஏரியை மூன்று முறை சுற்றும் இந்த ஓட்டத்தில்
பதினொரு வருடம்
படகுக் கொட்டகை வாசலில் நின்றார்,
நசுங்கிய பிளாஸ்குடன்.
நான்காவது கிலோமீட்டரில் கையசைப்பார்,
பதினெட்டில் திட்டுவார்,
முப்பத்திரண்டில்
அரைக் காகிதக் கோப்பை நீட்டுவார்.
ஆறிப்போனது. மூன்று கரண்டிச் சர்க்கரை.
அதில் எத்தனை மில்லிகிராம் என்று
நான் கேட்டதில்லை.

தேவாலயக் கூடத்தில் வரிசையாய்ப் பீங்கான்.
ஐலி தானே ஊற்றிக்கொண்டு வந்தாள்.
கோப்பையை உள்ளங்கையால் மூடினேன்.
இங்கே அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.
அவள் நகரவில்லை.
ஏன் என்றும் கேட்கவில்லை.
கெண்டி கனம், இரண்டு கையும் நடுங்கின,
மூக்கில் ஒரு சொட்டு
விழலாமா என்று தொங்கியது.

கையை எடுத்தேன்.

மூன்றாம் மிடறில் தலைவலி விட்டது.
எல்லோரும் மூக்கைச் சிந்திய நேரத்தில்
எனக்கு உடம்பு அவ்வளவு சுகமாய் இருந்தது.
சொல்லக் கூசுகிறது.
இரண்டாம் கோப்பையும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறும் மழைதான்.
முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடினேன்.
கொட்டகை நான்கில் பூட்டியிருந்தது,
பதினெட்டிலும்.
முப்பத்திரண்டில் ஒரு பையன்
படகைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்,
ஓடுகிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.
பைக்குள் கைவிட்டேன்.
உடைத்து வைத்தது வேர்வையிலும் மழையிலும்
சுண்ணாம்பாய்க் குழைந்திருந்தது.
விரலை நக்கினேன்.
கசப்பு காது வரை ஏறியது.
சர்க்கரை போடாத கோபத்தில்
அடுத்த வளைவு வரை
யாரையோ திட்டிக்கொண்டே போனேன்.

மூன்று மணி முப்பத்தொரு நிமிடம் நாற்பது நொடி.
போன வருடத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு.
யார் கணக்கில் எழுதுவது?
மாத்திரையா, விரலில் ஒட்டிய மிச்சமா,
வெள்ளிக்கிழமை வாங்கிய இரண்டு கோப்பையா?
காற்று பின்னாலிருந்து அடித்தது
என்கிறான் யர்க்கோ.

இரவு பன்னிரண்டு. ஒன்று. இரண்டு.
கால்கள் மரக்கட்டையாய்க் கிடக்க
நெஞ்சு மட்டும்
நான்காவது சுற்றில் இருந்தது.
எழுந்து காற்சட்டையைத் துவைத்தேன்.
பையில் வெள்ளைக் கோடு,
இரண்டாம் அலசலில் போய்விட்டது.

ஐந்து நாற்பதுக்கு முதல் பேருந்து என்னுடையது.
தூங்காமல் ஓட்டக் கூடாது.
நான்கு மணிக்கு யர்க்கோவை எழுப்பி
"இன்றைக்கு நீ எடு" என்றேன்.
"என்ன ஆச்சு?"
"காப்பி குடித்துவிட்டேன்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இந்த ஊரில்
அதெல்லாம் ஒரு காரணமா, தைமி?" என்றான்.
பின்னால் அவன் வீட்டு அடுப்பில்
ஏற்கெனவே ஏதோ கொதிக்கும் சத்தம்.