மால்டாவின் நாற்காலி

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு மால்டா.
சுவரில் ஐரோப்பா தொங்கியது.
கடலில் ஏதோ ஈ எச்சம் என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
அதுதான் என் நாடு.

அரசியல் துறையின் மாடியறை.
இருபத்தேழு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஓடுகிற மின்விசிறி ஒன்று.
ஜெர்மனி, செல்லூர் சிக்கந்தர்.
பிரான்ஸ், ஞானஒளிவுபுரம் லூர்துராணி.
எங்கோ ஒரு போர். அதைப் பற்றி
எல்லோரும் ஒரே குரலில்
ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.
ஒரு கை எழாவிட்டாலும் வாக்கியம் இல்லை.

காலையில் 'கண்டிக்கிறோம்' என்றிருந்தது
மூன்று மணிக்கு 'வருந்துகிறோம்' ஆனது.
தேநீருக்குப் பின் 'கவனித்து வருகிறோம்'.
குண்டு போட்டவனும் வாசித்துவிட்டுக்
கைதட்டலாம்.

நான் கை தூக்கவில்லை.
"உப்புக்கல் அளவு தீவு,
உனக்கென்ன அவ்வளவு பிடிவாதம்?" என்றான் சிக்கந்தர்.

மேலூருக்கு வடக்கே எங்கள் பக்கம்
பதினோரு ஊர் சேர்ந்தால் அதற்குப் பெயரே நாடு.
ஊருக்கு ஓர் அம்பலம்.
மந்தையில் பதினோரு தலையும் அசைந்தால்தான்
பேச்சு எல்லை தாண்டும்.
முந்தின வருஷம் கால்வாய்த் தண்ணீருக்கு
ஒரே மனு எழுதினோம்.
எங்கள் கடைமடை அதில் இல்லை.
ஒற்றுமை கெடக்கூடாதென்று
அப்பா கையெழுத்துப் போட்டார்.
தண்ணீர் வந்தது,
பத்தாவது ஊர் வரைக்கும்.

அடுத்த வருஷம் ரோஷப்பட்டுத் தனித்தனியாகப் போனோம்.
என்ஜினீயருக்கு ஏக சந்தோஷம்.
எழுந்து நின்றே வாங்கினார்.
பதினோரு மனு, பதினோரு மேஜை.
இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

இதை ஜெர்மனியிடம் எப்படிச் சொல்ல?
பாதி சொன்னேன்.
லூர்துராணி சிரிக்கவில்லை.
"அப்ப உனக்கு வேணுமா வேண்டாமா, இந்த ஒரே குரல்?"
வேணும், என் தொண்டையும் அதில் இருந்தால், என்றேன்.
பழைய 'கண்டிக்கிறோ'மைத் திருப்பி எழுதச் சொன்னேன்.
சைப்ரஸ் எழுந்து
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றது.

ஐந்தரைக்கு வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கினார்.
பலகையில் நின்றுபோனது வாக்கியம்:
'ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் போரை'
அவ்வளவுதான்.
நம் மொழியில் வினைச்சொல்
கடைசியில்தானே வரும்.

மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி வண்டி.
ஒத்தக்கடை தாண்டும்போது அப்பாவின் போன்:
ராத்திரி மந்தையில் கூட்டம், புது மனுவாம்.
"கையெழுத்துக்கு முன்னாடி
நீ ஒரு தடவை படிச்சுப் பாரும்மா."

பைக்குள் மால்டா அட்டை.
வியர்வையில் ஒரு பக்கம் மை ஊறியிருந்தது,
பின்பக்கம் வெறுமை.
சில்லறை நீட்டிய கண்டக்டரிடம்
பேனா இருக்கா என்று கேட்டேன்.