மிச்சம் பூச்சியம் தசம் இரண்டு

பம்பலப்பிட்டியில், படிக்கட்டுக்குக் கீழே
ஒரு மேசை அகலம் என் கடை.
உடைந்த திரைகளில்தான் நான் செய்தி வாசிப்பது.
தொடுகை வேலைசெய்கிறதா என்று பார்க்க
விரல் எதையாவது இழுக்க வேண்டும்;
விஞ்ஞானச் செய்திகளை இழுப்பேன்.

இன்றைக்கு ஒரு பேட்டரி பிறந்திருக்கிறது.
பத்து நிமிடத்தில் நிறையுமாம்,
ஐம்பது வருடம் உழைக்குமாம்.
போன வருடமும் இதே பிள்ளைதான் பிறந்தது,
அதற்கு முந்தின வருடமும்.
ஒன்றுகூட நடக்கப் பழகி என்னிடம் வரவில்லை.
வருவதெல்லாம் உளுந்து வடை மாதிரி உப்பினவை.
மேசைக்கடியில்
மணல் வாளிக்குள் படுத்திருக்கின்றன.

குவாண்டம் கணினிக்கு இன்னும் ஐந்து வருடம்.
நான் முதல் சோல்டரிங் அயன் வாங்கிய நாளிலும்
ஐந்து வருடம்தான்.
அது காலக்கணக்கு இல்லை,
"வாற கிழமை கட்டாயம்" என்று
கடன்காரன் காட்டுகிற மரியாதை.

சந்திரனில் தண்ணீர்.
"அந்தக் காசுக்கு எத்தனை பேருக்குச் சோறு போடலாம்"
என்கிறான் பக்கத்தில் கவர் விற்கிற பெனடிக்.
எந்தச் செய்திக்கும் அவனிடம் இந்த ஒரு தராசுதான்.
போகட்டும் ஐசே, போகட்டும்.
காசு மிஞ்சினால் சோறு போடுகிற ஆட்களா அவர்கள்?
சந்திரனையாவது பார்த்துவிட்டு வரட்டும்.

எனக்குக் கோபம் பசையில்.
புதுப் போனில் ஒரு திருகாணி இல்லை,
விளிம்பில் கோடு இல்லை.
"இணைப்பே தெரியாத அழகு" என்று எழுதியிருக்கிறான்
ஒருநாளும் எதையும் திறந்து பார்க்காதவன்.
வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டுப் போன்களுக்குள்
உப்புக்காற்று புகுந்து
பச்சைக் களிம்பு பூத்திருப்பதை
அவன் எங்கே கண்டான்?
திறக்க முடியாததை நம்பத்தான் முடியும்.
நம்புவதற்கு எனக்குக் கதிரேசன் இருக்கிறார்.
அவர்கூட ஆடிவேலுக்கு வெளியே வருகிறார்.

அடுத்தது:
முகம் அறியும் இயந்திரம்,
தொண்ணூற்றொன்பது தசம் எட்டு வீதம் சரி.
வாசித்து முடிக்கவில்லை,
மிச்சம் பூச்சியம் தசம் இரண்டு
மழைக்கோட்டோடு வந்து நின்றது.

பெயர் நிஃப்ராஸ். மாளிகாவத்தை.
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி.
"கெமரா பழுது போல அண்ணே,
என்ட மூஞ்சிய நான் இல்லண்டு சொல்லுது."
ஓட்டத்துக்கு நடுவில் திடீரென்று முகம் கேட்குமாம்.
மூன்று முறை தவறினால் கணக்கு மூடப்படும்.
பொரளையில் ஒன்று, தும்முல்லையில் ஒன்று,
இரண்டு முடிந்துவிட்டது.
பெட்டிக்குள் யாருடையதோ கொத்து
ஆறிக்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தேன். நல்ல கெமரா.
புதுசு போட்டேன் என்று நாலாயிரம் வாங்கியிருக்கலாம்;
அந்த எண்ணம் வரவில்லை என்றால் பொய்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த முகங்களில்
எழுத்துக் கற்ற இயந்திரம்.
நவம்பர், பின்னேரம் நாலரை, மழை,
நெற்றியில் ஹெல்மெட் தழும்பு,
நித்திரை காணாத கண்:
இதெல்லாம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

மேசை விளக்கின் கழுத்தைத் திருப்பி
அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.
பொலிஸ் விசாரணை மாதிரி இருந்தது.
அவனுக்கும் தோன்றியிருக்கும்; சிரிக்கவில்லை.
"அசையாதே."
பச்சை வட்டம்.
நிஃப்ராஸ் நிஃப்ராஸ்தான் என்று
எந்த நாட்டிலோ ஒரு சேர்வர் ஒத்துக்கொண்டது.

காசு வேண்டாம் என்றேன்.
நூறு ரூபாயை மேசையில் எறிந்துவிட்டு ஓடினான்.
தாள் நனைந்திருந்தது.

"ஆயிரத்தில் இரண்டுதானே ஐசே" என்றான் பெனடிக்.
இந்த ஊரில் ஒரு நாளைக்கு
எத்தனை தரம் முகம் கேட்கிறார்கள் என்று கேட்டேன்.
அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
தெரிந்தவர்கள் அதைச் செய்தியில் போடவில்லை.

விளக்கை அப்படியே வாசல் பக்கம் விட்டுவைத்தேன்.
மணல் வாளிக்குள் ஏதோ டிக் என்றது.
ஐம்பது வருடம் என்று எழுதியவனை
அதற்குள் கைவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.